செதுக்கும் கத்தியும் தூரிகையும்: எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர்

கேள்வி இதுதான்: ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம் (கண்ணில் படுவதைவிட மனம் உணர்வதை வரைந்த ஓவிய இயக்கம்) என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது கிர்ஷ்னரின் பெர்லின் தெருப் படங்கள். அவற்றில் முகங்கள் ஏன் இவ்வளவு கூர்மையாக, பச்சையும் மஞ்சளுமாக இருக்கின்றன? அவருக்கு உடலைச் சரியாக வரையத் தெரியாதா? புத்தகங்களுக்கும் படம் போட்டவர் என்கிறார்களே, அது பிழைப்புக்காகச் செய்த வேலையா?

வரையத் தெரியாதவர் இல்லை. கட்டடக்கலை படித்துப் பட்டம் வாங்கியவர், அளவெடுத்து வரைவது அவருக்குக் கைவந்த கலை. அந்தக் கூர்மை மரத்திலிருந்து வந்தது. கிர்ஷ்னர் வாழ்நாள் முழுக்க மரப்பலகையில் செதுக்கியவர். கத்திக்குப் பழகிய கை தூரிகை பிடித்தபோதும் அதே மாதிரிதான் கோடு இழுத்தது. அதனால்தான் அவரைப் பற்றிக் கேட்பவர்களிடம் எண்ணெய் வண்ண ஓவியங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவர் செதுக்கிய படங்களையும் புத்தகங்களுக்குப் போட்ட படங்களையும் முதலில் பாருங்கள் என்று சொல்வேன். அவருடைய புத்தகப் படங்கள் ஓய்வு நேரத்து வேலை இல்லை. அவர் செய்ததிலேயே நான் மிக உயர்வாக மதிக்கும் இரண்டு காரியங்களும் புத்தகங்களைச் சேர்ந்தவைதான்.

மரச்செதுக்கு அச்சு எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒரு பலகையை எடுத்து, எந்த இடம் வெள்ளையாகத் தெரிய வேண்டுமோ அதைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருக்கும் மேட்டின் மேல் உருளையால் மை தடவி, தாளை வைத்து, பின்பக்கம் அழுத்தித் தேய்த்தால் படம் இடம் வலம் மாறித் தாளில் இறங்கும். ஆக, நீங்கள் வெட்டுவதெல்லாம் வெளிச்சம், விட்டுவைப்பதெல்லாம் இருட்டு. மரம் அறுத்த நீளவாக்கில் ரேகை ஓடும். ரேகையோடு போனால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும், குறுக்கே போனால் இடறும், சிம்பு எழும். நல்ல வளைவு ஒன்றை வெட்டுவது பெரும்பாடு. நேர்கோடு, முக்கோணம், ஆப்பு போன்ற வெட்டு, இவைதான் பலகைக்கு இயல்பாக வருபவை. தேர்ந்த கைவினைஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இந்தத் தடையை ஜெயித்து, பேனாவால் வரைந்தது போன்ற மெல்லிய கோடுகளைக் கொண்டுவரத்தான் பாடுபட்டார்கள். கிர்ஷ்னரும் அவர் நண்பர்களும் நேர்மாறாக யோசித்தார்கள். மரம் தரும் எதிர்ப்பை மறைப்பானேன், அதுவே படத்தில் தெரியட்டும் என்றார்கள். பிளந்த விளிம்பு, சிம்பு எழுந்த இடம், ரேகை பதிந்த கருப்பு எல்லாவற்றையும் அப்படியே விட்டார்கள்.

கிர்ஷ்னர் 1880 மே 6-ல் பவேரியாவில் இருக்கும் அஷாஃபென்புர்க் நகரில் பிறந்தார். அப்பா காகிதத் தொழில் வல்லுநர். ஊர் ஊராக மாறி, 1890-ல் குடும்பம் செம்னிட்ஸ் நகரில் நிலைகொண்டது. அங்கே தொழில்நுட்பக் கல்லூரியில் காகித உற்பத்தி கற்பிக்கும் பேராசிரியராக அப்பாவுக்கு வேலை. மகன் ஓவியனாவதில் வீட்டுக்கு இஷ்டமில்லை. சரி, கட்டடக்கலை என்றால் சம்மதிப்பார்கள் என்று 1901-ல் டிரெஸ்டன் உயர்தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். நடுவில் கொஞ்ச காலம் முனிக் போய்க் கலை படித்துவிட்டு வந்தார். 1905-ல் பட்டம். அந்தப் பட்டத்தை வைத்து ஒரு கட்டடம்கூடக் கட்டவில்லை.

அதே 1905 ஜூன் 7-ல், கட்டடக்கலை மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து 'டி ப்ரூக்கே', அதாவது 'பாலம்', என்ற குழுவைத் தொடங்கினார்கள். கிர்ஷ்னர், ஃபிரிட்ஸ் பிளைல், எரிக் ஹெக்கெல், கார்ல் ஷ்மிட் ரோட்லுஃப். நால்வரில் யாரும் ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்து முடித்தவர்கள் இல்லை, அதுவே அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. டிரெஸ்டனின் ஃபிரீட்ரிஷ்ஷ்டாட் என்கிற உழைக்கும் மக்கள் குடியிருப்பில், முன்பு இறைச்சிக் கடையாக இருந்த ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோ ஆக்கினார்கள். நாற்காலி, கட்டில், திரைச்சீலை எல்லாம் தாங்களே செதுக்கியும் வண்ணம் பூசியும் செய்தவை. மாடல்கள் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் ஓர் உடலின் சாரத்தைத் தாளில் பிடித்தாக வேண்டும். கல்விக்கூடங்களில் ஒரே நிலையில் மாடலை நாள்கணக்கில் நிற்கவைத்து நிழல் தீட்டிய காலத்தில் இது நடந்தது. வேகத்தில் விட்டுப்போகிறவை எவை, மிஞ்சுகிறவை எவை என்பதை அங்கேதான் கிர்ஷ்னர் கற்றார்.

1906-ல் குழுவின் அறிக்கையை அவர் எழுதினார் என்பதைவிடச் செதுக்கினார் என்பதே சரி. எழுத்துகளையும் பலகையில் வெட்டி அச்சிட்டார். எதிர்காலத்தைச் சுமக்கும் இளைஞர்கள் நாங்கள், வசதியாக வேரூன்றிவிட்ட பெரியவர்களிடமிருந்து எங்கள் கைக்கும் வாழ்வுக்கும் விடுதலை வேண்டும், தன்னைப் படைக்கத் தூண்டுவதை நேரடியாகவும் கலப்படமில்லாமலும் வெளியிடும் எவரும் எங்களவர் என்பது அதன் சாரம். அதே ஆண்டு டிரெஸ்டனின் லோப்டாவ் பகுதியில் ஒரு விளக்குத் தொழிற்சாலையின் காட்சிக்கூடத்தில், தொங்கும் விளக்குகளுக்கு நடுவே, குழுவின் முதல் கண்காட்சி. பிளைல் வரைந்த சுவரொட்டியில் நிர்வாண உருவம் இருந்ததால் போலீஸ் தடை போட்டது.

காசுக்கு என்ன வழி? ஆண்டுக்கு 12 மார்க் கட்டினால் யாரும் துணை உறுப்பினர் ஆகலாம். அவர்களுக்கு வருடந்தோறும் அசல் அச்சுப் படங்கள் அடங்கிய உறை ஒன்று வந்து சேரும். எளிய சம்பளக்காரர் வீட்டுக்கும் அசல் கலைப் படைப்பு போய்ச் சேர இது வழி செய்தது. இன்று அந்த உறைகளில் ஒன்றை வாங்கப் பெரும் அருங்காட்சியகங்கள் போட்டி போடுகின்றன.

இந்தியாவோடு ஓர் உண்மையான தொடர்பு இந்தக் கட்டத்தில் வருகிறது. தமிழில் இதைப் பற்றி அதிகம் பேசியதாகத் தெரியவில்லை, அதனால் சற்று நிறுத்திச் சொல்கிறேன். டிரெஸ்டன் மானுடவியல் அருங்காட்சியகத்தில் பசிபிக் கடலின் பலாவ் தீவுகளிலிருந்து கொண்டுவந்த, செதுக்கி வண்ணம் பூசிய வீட்டு உத்திரங்கள் இருந்தன. அவற்றைக் கிர்ஷ்னர் திரும்பத் திரும்பப் பார்த்தார். இது பலரும் எழுதும் செய்தி. ஆனால் அதே ஊர் நூலகத்தில் அவர் கையில் இன்னொன்றும் கிடைத்தது: அஜந்தா ஓவியங்களின் பிரதிகள். பம்பாய் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ், மாணவர்களை அழைத்துப்போய் ஆண்டுக்கணக்கில் அஜந்தாச் சுவர்களைப் பிரதியெடுக்கச் செய்தார். 1896, 1897-ல் அவை இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தன. கிர்ஷ்னர் அந்தப் பக்கங்களைப் பார்த்துக் கிறங்கிப்போய், உருவங்களைத் தன் கையால் பிரதியெடுத்தார். அதுவரை தட்டையாக வரைந்துகொண்டிருந்தவருக்கு, உடலின் திரட்சியைக் கல்விக்கூட நிழல் தீட்டல் இல்லாமலே கொண்டுவர முடியும் என்று காட்டியது அஜந்தாதான். பெர்லின் ப்ரூக்கே அருங்காட்சியகத்தில் இருக்கும் 'ஏரிக்கரையில் குளிக்கும் ஐவர்' என்ற 1911-ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள். அந்தப் பெண்களின் இடுப்புச் சாய்வையும் மார்பின் உருட்சியையும் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிரெஸ்டனுக்கு வடக்கே மோரிட்ஸ்புர்க் ஏரிகள். 1909 முதல் 1911 வரை கோடையில் நண்பர்கள் மாடல்களோடு அங்கே போய், ஆடையில்லாமல் நீந்தி, ஓடி, வரைந்தார்கள். கிர்ஷ்னரின் மிகப் பிரகாசமான நிறங்கள் அந்தக் கோடைகளில் வந்தவை. ஆனால் இதில் நெருடும் விஷயம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் போகக்கூடாது. அவர்கள் வரைந்தவர்களில் ஃப்ரான்சி என்ற சிறுமி இருந்தாள். 1900-ல் பிறந்தவள், வரையத் தொடங்கியபோது பத்து வயதுகூட ஆகவில்லை. அவளையும் நிர்வாணமாக வரைந்திருக்கிறார்கள். சுதந்திரம், இயற்கை என்று அந்த இளைஞர்கள் எந்தப் பெயர் வைத்திருந்தாலும், ஒரு குழந்தைக்கு அதில் என்ன சம்மதம் இருந்திருக்கும்? ஜெர்மன் அருங்காட்சியகங்களே இன்று இந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்புகின்றன. அந்தப் படங்களை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை.

1911-ல் குழு பெர்லினுக்கு மாறியது. டிரெஸ்டனின் ஏரியும் வெயிலும் போய், இருபது லட்சம் பேர் நெருக்கியடிக்கும் நகரம். கிர்ஷ்னரும், குழுவில் பிறகு சேர்ந்த மாக்ஸ் பெக்ஷ்டைனும் நவீன ஓவியம் கற்பிக்க ஒரு பள்ளி தொடங்கினார்கள், மாணவர்கள் சேரவில்லை. 1912-ல் கிர்ஷ்னர் எர்னா ஷில்லிங் என்ற பெண்ணையும் அவர் தங்கை கெர்டாவையும் சந்தித்தார். எர்னா கடைசிவரை அவருடன் இருந்தவர். அந்தப் பெண்ணின் பொறுமையையும் நிர்வாகத் திறமையையும் தள்ளிவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. பின்னாளில் கிர்ஷ்னர் மனம் சிதைந்து கிடந்தபோது படங்களை அனுப்பியதும், வியாபாரிகளிடம் பேசியதும், பெர்லின் ஸ்டூடியோவைக் காலி செய்ததும் எர்னாதான்.

1913-ல் குழுவின் வரலாற்றை எழுதும் பொறுப்பைக் கிர்ஷ்னர் எடுத்துக்கொண்டார். எழுதியதில் எல்லாவற்றுக்கும் முன்னோடி தானே என்று தோன்றும்படி எழுதிவிட்டார். நண்பர்கள் கொதித்துப்போனார்கள், மே மாதம் குழு கலைந்தது. இந்தக் குணம் அவரிடம் கடைசிவரை இருந்தது. ஓவியர்கள் எட்வர்ட் முங்க், மதீஸ் ஆகியோரின் தாக்கம் தன்மீது இல்லை என்று சாதித்தார். தான் எல்லோருக்கும் முந்தி என்று காட்டுவதற்காகப் பழைய படங்களில் உண்மையைவிட முந்தைய தேதிகளைப் போட்டார். இன்றும் அவருடைய படத்துக்குத் தேதி குறிக்கும் ஆய்வாளர்கள், படத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்புவதில்லை. 1920-களில் 'லூயி த மார்சால்' என்ற ஃபிரெஞ்சு விமர்சகரின் பெயரில் தன்னைப் புகழ்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். அப்படி ஒருவர் உலகில் இல்லை, எழுதியது கிர்ஷ்னரேதான். ஜெர்மன் விமர்சகர்கள் தன்னைச் சரியாகப் பார்க்கவில்லை என்ற ஆற்றாமை அவருக்கு அவ்வளவு ஆழமாக இருந்தது.

குழு கலைந்த தனிமையில் பிறந்தவைதான் தெருப் படங்கள். 1913 முதல் 1915 வரை பதினோரு எண்ணெய் வண்ணப் படங்கள், கூடவே ஏராளமான கோட்டுச் சித்திரங்களும் அச்சுகளும். சட்டைப்பையில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இரவில் தெருவில் நடந்தபடியே கிறுக்குவார். வீட்டுக்கு வந்து அந்தக் கிறுக்கலிலிருந்து பெரிய படம் எழும். பெயிண்டைப் பென்சீன் விட்டு இளக்கி, மெழுகு சேர்த்துப் பூசுவார். அதனால் எண்ணெய்ப் பளபளப்பு போய், சுவரோவியம் போல மங்கலான பரப்பு கிடைக்கும்.

'போட்ஸ்டாம் சதுக்கம்' என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். 1914-ல் வரைந்தது, இரண்டு மீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் அகலம், இப்போது பெர்லினின் நோய நாட்சியோனால்காலரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் சாலையின் வட்டத் திட்டு. அதன்மேல் இரண்டு பெண்கள், கிட்டத்தட்ட ஆள் உயரம். ஒருத்தி நம்மைப் பார்த்து நிற்கிறாள், இன்னொருத்தி பக்கவாட்டில். தெரு பச்சை. பின்னால் சிவப்புச் செங்கல் ரயில் நிலையம், அதன் கடிகாரம் நள்ளிரவைக் காட்டுகிறது. சுற்றிலும் கருப்பு உடையில் ஆண்கள், கத்தரிக்கோல் விரித்த மாதிரி கால்களை அகட்டி நடக்கிறார்கள். எவருக்கும் தனி முகம் இல்லை. பெண்களில் ஒருத்திக்குக் கைம்பெண் அணியும் கருப்பு முகத்திரை. போர் தொடங்கிய ஆண்டு அது. இந்தப் பெண்கள் தெருவில் வாடிக்கையாளரைத் தேடுபவர்கள். எல்லோரும் ஒருவரையொருவர் விலைபோட்டுப் பார்க்கிறார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தத் திட்டின் தளம் சாய்ந்து, அவர்கள் நம் பக்கம் சரிந்து விழுவார்களோ என்று இருக்கும். இப்போது தூரிகை வீச்சுகளைக் கவனியுங்கள். ஆடையின் விளிம்பில் குறுக்கும் நெடுக்குமாக இறகு போன்ற சிறு கீறல்கள். கன்னத்தில் ஒரே வெட்டு. கண் ஒரு ஆப்பு. எல்லாம் பலகையில் கத்தி போகிற போக்கு. முகங்கள் ஏன் பச்சையும் மஞ்சளும் என்றால், பகல் வெளிச்சத்தில் அந்த முகம் என்ன நிறம் என்பது அவருக்குத் தேவையே இல்லை. தெருவிளக்கு, முகப்பூச்சு, பயம், பேராசை எல்லாம் அந்த முகத்தில் சேர்ந்து படிந்தால் என்ன நிறமோ அதுதான் வேண்டும்.

போர் அவரை உடைத்தது. கட்டாயத்தின் பேரில் தானாக முன்வந்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, 1915-ல் ஹாலே நகரில் 75-ஆம் பீரங்கிப் படையில் சேர்ந்தார். போர்முனையை அவர் பார்க்கவே இல்லை. பயிற்சி முகாமே போதுமானதாக இருந்தது. உடம்பும் மனமும் விழுந்தன. அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஹான்ஸ் ஃபேர் ஒரு சட்டப் பேராசிரியர், கலை ஆர்வலர். அவர் உதவியால் சில மாதங்களிலேயே விடுப்பு கிடைத்தது. அந்த இலையுதிர் காலத்தில் வரைந்தது 'போர்வீரனாக என் சுயசித்திரம்'. இப்போது அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுபத்தொன்பது சென்டிமீட்டர் உயரமுள்ள சின்னப் படம். சீருடை, தோளில் 75 என்ற எண், வாயில் சிகரெட், கண்மணியே இல்லாத கண்கள். வலது கை மணிக்கட்டோடு வெட்டுண்டு நிற்கிறது. நிஜத்தில் அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி வரைய முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் அந்த வெட்டுப்பட்ட கை.

அதே ஆண்டு அந்த 'வெட்டுப்பட்ட' கை செய்த வேலைதான் பீட்டர் ஷ்லெமீல் கதைக்கான வண்ண மரச்செதுக்குகள். புத்தகப் படங்கள் பற்றிய கேள்விக்கு இங்கேதான் முதல் பதில். அடெல்பர்ட் ஃபோன் ஷமிசோ 1814-ல் வெளியிட்ட கதை அது. ஷ்லெமீல் என்ற இளைஞன் சாம்பல் நிற உடை அணிந்த மனிதன் ஒருவனிடம் தன் நிழலை விற்றுவிடுகிறான். பதிலுக்கு, எடுக்க எடுக்கக் குறையாத தங்கப் பை கிடைக்கிறது. ஆனால் நிழல் இல்லாதவனை ஊர் ஏற்காது. குழந்தைகள் கேலி செய்கிறார்கள், காதலியின் வீட்டார் விரட்டுகிறார்கள். சாம்பல் மனிதன் திரும்பி வந்து, நிழலைத் தருகிறேன், ஆன்மாவைக் கொடு என்கிறான். ஷ்லெமீல் மறுத்துவிட்டு, அலைந்து திரிந்து, தாவரங்களை ஆராய்பவனாக மிச்ச வாழ்வைக் கழிக்கிறான்.

பலரும் வேடிக்கையாகப் படம் போட்ட கதை இது. கிர்ஷ்னர் அதில் தன் நோயைக் கண்டார். நண்பரும் தன் அச்சுகளைப் பட்டியலிட்டவருமான ஹாம்புர்க் நீதிபதி குஸ்தாவ் ஷீஃப்லருக்கு எழுதியபோது, கதையின் அலங்காரங்களை உரித்துவிட்டால் இது துரத்தப்படுவதாக அஞ்சும் ஒரு மனநோயாளியின் வாழ்க்கைதான் என்று விளக்கினார். முகப்புப் பக்கம் தவிர ஆறு படங்கள். நிழலை விற்பது, காதலி, உள்ளே நடக்கும் போராட்டம், அறையின் தனிமை, சாம்பல் மனிதனைச் சாலையில் சந்திப்பது, கடைசியில் நிழலையே சந்திப்பது. ராணுவத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவன் தன் நிழலை விற்றவன்தானே? அந்த எண்ணம் தொகுப்பு முழுவதும் ஓடுகிறது. ஷ்லெமீலின் முகம் கிர்ஷ்னரின் முகம்.

நிழலைச் சந்திக்கும் படம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. ஷ்லெமீல் துயரத்தோடு வெட்டவெளியில் இருக்கிறான். வெயில் காயும் தரையில் அவனுடைய பழைய நிழல் மட்டும் தனியே வருகிறது. அதன் காலடித் தடங்களில் தன் பாதங்களைப் பொருத்திவிட்டால் மறுபடி தானாகிவிடலாம் என்று அவன் முயல்கிறான். கிர்ஷ்னர் அந்தப் பாதங்களைப் பொருந்தவிடுவதில்லை. நிழல் என்பது மரச்செதுக்கில் செதுக்காமல் விட்ட இடம், வெறும் மை. உடம்பும் அதே பலகையில், அதே கத்தியால் வந்தது. இரண்டுக்கும் நடுவே கத்தி ஒரு வெள்ளைக் கீற்றை விட்டுவைக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் இந்தப் படத்தை இப்படிச் செய்ய முடியாது. கதையும் தொழில்முறையும் ஒன்றையொன்று இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்ட புத்தகப் படங்கள் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

அப்புறம் மருத்துவமனைகள். டவ்னுஸ் மலையடிவாரத்தில் கோனிக்ஷ்டைன், பெர்லின், பிறகு சுவிட்சர்லாந்தின் குரோய்ட்ஸ்லிங்கன். தூக்க மருந்து, மது, மார்ஃபின். கோனிக்ஷ்டைன் மருத்துவமனையில் இருந்தபோது மாடிப்படிச் சுவர்களில் கடற்கரைக் காட்சிகளைப் பெரிதாக வரைந்தார். 1938-ல் நாஜிகள் அவற்றை அழித்துவிட்டார்கள். கை கால்கள் மரத்துப்போன நிலையில் 1917-ல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலைக்கு வந்தவர், குரோய்ட்ஸ்லிங்கன் சிகிச்சை முடிந்து 1918-ல் திரும்பி வந்து அங்கேயே தங்கிவிட்டார். ஃப்ராவென்கிர்ஷ் என்ற ஊருக்குப் பக்கத்தில் குடியானவர் வீடு ஒன்று. கட்டிலும் நாற்காலியும் மறுபடி தானே செதுக்கினார். எர்னாவுக்கென்று செதுக்கிய கட்டில் பெயர்பெற்றது.

1919 ஜனவரியில் ஒரு விடியற்காலை. தூக்கம் வராமல் விழித்திருந்தவர் ஜன்னலில் நிலா மறைவதைப் பார்த்தார். மஞ்சள் நிலா, இளஞ்சிவப்புச் சிறு மேகங்கள், ஆழ்ந்த நீலத்தில் மலைகள். டாவோஸ் மருத்துவர் ஷ்பெங்லரின் மனைவிக்கு அதைக் கடிதத்தில் வர்ணித்தார். அதை ஒரு முறை எண்ணெய் வண்ணத்திலும் (இப்போது டெட்ராய்ட்டில் இருக்கிறது), பல முறை மரச்செதுக்கிலும் செய்தார். மரச்செதுக்குப் பிரதிகளில் ஒன்று போல இன்னொன்று இல்லை. ஒவ்வொரு முறையும் மையை வேறு மாதிரி பூசினார், அதனால் ஒவ்வொரு தாளிலும் விடியல் வேறு. அச்சகத்துக்கு அனுப்பாமல் தன் கையாலேயே அச்சிட்டதற்குக் காரணமும் அதுதான். நூறு பிரதி ஒரே மாதிரி வேண்டுமென்றால் இயந்திரம் போதும், அவருக்கு வேண்டியது அது இல்லை.

இரண்டாவது புத்தகம் 1924-ல் வந்தது. கவிஞர் கியோர்க் ஹைம் பெர்லினின் இளம் எக்ஸ்பிரஷனிஸ்ட் கவிஞர்களில் முதன்மையானவர். 1912 ஜனவரி 16-ல், ஹாஃபெல் ஆற்றின் உறைபனியில் சறுக்கி விளையாடப் போனபோது பனி உடைந்து நண்பனோடு மூழ்கி இறந்தார். வயது 24. அவர் விட்டுப்போன கவிதைகளை 'உம்ப்ரா விட்டே' என்ற பெயரில் அதே ஆண்டு வெளியிட்டார்கள், வாழ்வின் நிழல் என்று பொருள். மக்கள் தெருக்களில் நின்று வானத்தின் அறிகுறிகளை அண்ணாந்து பார்க்கிறார்கள், நெருப்பு மூக்குள்ள வால்நட்சத்திரங்கள் கோபுரங்களைச் சுற்றி ஊர்கின்றன என்று தொடங்குகிறது தலைப்புக் கவிதை. போர் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே எழுதியவை இவை.

கிர்ஷ்னரிடம் அந்த முதல் பதிப்பின் பிரதி ஒன்று இருந்தது. யாரும் கேட்காமலேயே, கவிதைகளுக்கு மேலும் கீழும் வெற்றிடம் இருந்த இடங்களில் சிறிய மரச்செதுக்குகளை அதன் பக்கங்களிலேயே அச்சிடத் தொடங்கினார். தன் சொந்தப் பிரதிக்காக மட்டும். பதிப்பாளர் குர்ட் வோல்ஃப் இதை அறிந்து புதிய பதிப்பாகவே போட முன்வந்தார். மொத்தம் 47 மரச்செதுக்குகள், 510 பிரதிகள். அட்டை, உள்தாள், பக்க அமைப்பு, எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பது வரை எல்லாம் கிர்ஷ்னர் முடிவு செய்தார். ஒவ்வொரு கவிதையின் தலையிலும் சின்னதாக ஒரு படம், கவிதைப் பத்தியின் அகலத்துக்கு. படத்தின் கருமையும் அச்செழுத்தின் கருமையும் ஒரே அடர்த்தியில் இருக்கும். அதனால் பக்கத்தைத் திறந்ததும் கண் படத்துக்குத் தனியாக, எழுத்துக்குத் தனியாகப் போவதில்லை. கவிதையில் சொன்னதைப் படத்தில் திருப்பிச் சொல்வதும் இல்லை. ஹைமின் வரி எங்கே மூச்சை நிறுத்துகிறதோ அங்கே கிர்ஷ்னர் தொடங்குகிறார். இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த படநூல்களைப் பேசும் எவரும் இதைத் தாண்டிப் போக மாட்டார்கள். விற்பனை மந்தமாகத்தான் இருந்தது.

1923-ல் வில்ட்போடன் என்ற வீட்டுக்கு மாறினார். பிற்கால ஓவியங்களில் நிறங்கள் தட்டையாகவும் வடிவங்கள் நழுவலாகவும் மாறின, பிக்காசோவின் சாயல் தெரியும். எனக்கு அவற்றில் பெரிய ஈடுபாடு இல்லை. கத்தி அங்கே பின்வாங்கிவிட்டது. அந்த ஆண்டுகளின் சிறந்த வேலை என்று லீசே குயர் என்ற டாவோஸ் நெசவாளர் இவர் வடிவமைப்பில் நெய்த தொங்கு விரிப்புகளைத்தான் சொல்வேன். எஸ்ஸன் நகர ஃபோல்க்வாங் அருங்காட்சியகத்துக்குப் பெரிய சுவரோவியங்கள் திட்டமிட்டு வருடக்கணக்கில் உழைத்தார், அது நிறைவேறவில்லை.

1931-ல் பிரஷ்யக் கலைக்கழகம் அவரை உறுப்பினர் ஆக்கியது. 1933-ல் விலகிக்கொள்ளச் சொன்னது. 1937-ல் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 639 படைப்புகளை நாஜி அரசு பறித்தது. ஜூலையில் முனிக்கில் தொடங்கிய 'சீரழிந்த கலை' கண்காட்சியில் அவற்றில் சிலவற்றைக் கேலிக்காக மாட்டினார்கள். போர்வீரன் சுயசித்திரத்துக்கு 'போர்வீரனும் வேசியும்' என்று பெயர் சூட்டினார்கள். தன்னை ஜெர்மன் ஓவியன் என்றே கடைசிவரை நினைத்தவர், மரச்செதுக்கில் பேர்போன பழைய ஜெர்மன் ஓவியர் டூரரின் வழியில் வந்தவனாகத் தன்னைக் கண்டவர், இதை எப்படித் தாங்குவார்? 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஹிட்லர் வசம் போனதும், எல்லை தாண்டி டாவோஸுக்கும் வந்துவிடுவார்கள் என்று அஞ்சினார். தான் செதுக்கிய பலகைகளில் பலவற்றை எரித்தார். ஜூன் 15 அன்று வீட்டுக்கு வெளியே தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். வயது 58.

எர்னா 1945-ல் இறக்கும்வரை அந்த வீட்டிலேயே இருந்து, மிஞ்சிய படைப்புகளைக் காத்தார். டாவோஸில் 1992-ல் கிர்ஷ்னர் அருங்காட்சியகத்துக்குத் தனிக் கட்டடம் எழுந்தது.

பறிபோன படங்களின் கதை இன்னும் ஓயவில்லை. 'பெர்லின் தெருக் காட்சி' என்ற 1913-ஆம் ஆண்டுப் படம் எர்ஃபுர்ட் நகரக் காலணித் தொழிலதிபர் ஆல்ஃபிரெட் ஹெஸ் சேகரிப்பில் இருந்தது. யூதக் குடும்பம். அவர் இறந்தபின் நாஜி ஆட்சியின் நெருக்கடியில் அது கைமாறி, பின்னாளில் பெர்லின் ப்ரூக்கே அருங்காட்சியகத்துக்கு வந்தது. 2006-ல் பெர்லின் அரசு அதைக் குடும்பத்தின் வாரிசிடம் திருப்பிக் கொடுத்தது. ஜெர்மனியில் பெரிய சர்ச்சை, ஒரு நகரத்தின் முகத்தையே விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று பலர் கொதித்தார்கள். திருப்பிக் கொடுத்தது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 3.8 கோடி டாலருக்கு மேல் விலைபோய், இப்போது அந்நகரின் நோய காலரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்கே தொடங்கிப் பார்ப்பது என்று கேட்டால், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் கிர்ஷ்னரின் அச்சுகள் நிறைய இருக்கின்றன. 'உம்ப்ரா விட்டே' பக்கங்களையும் அங்கே பார்க்கலாம். திரையில் நன்றாகப் பெரிதாக்கி, கருப்பு நிறப் பகுதிகளின் உள்ளே மர ரேகை ஓடுவதைத் தேடிப் பாருங்கள். அதன் பிறகு 'போட்ஸ்டாம் சதுக்க'த்துக்குப் போங்கள்.